விளையாட்டுச் சாமான் சேகரிப்புப் பொருளானால், விளையாடப்போவது யார்?

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். உயர்தர வணிகப் பிரிவுப் பிள்ளைகள் கட்டாயம் வாசியுங்கள், உள்ளே பாடமும் இருக்கிறது.

61.50 பவுண். 95 பவுண். 125 பவுண். 150 பவுண்.

இந்த நான்கு விலையும் ஒரே விளையாட்டுடையவை. வார்ஹாமர் 40,000 என்று ஒரு மேசை விளையாட்டு இங்கிலாந்தில் பெரும் பிரபலம். சிறிய பிளாஸ்டிக் வீரர்களை நாமே வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசி, மேசையில் படையாக நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி ஆடுவது. அதைத் தயாரிப்பது நொட்டிங்ஹாம் நகரத்திலுள்ள கேம்ஸ் வேர்க்‌ஷொப் என்ற கம்பனி. விதிமுறையின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இரண்டு படைகளும் விதிப் புத்தகமும் அடங்கிய ஒரு பெரிய பெட்டியை வெளியிடுவார்கள். 2012இல் வந்த பெட்டி 61.50 பவுண். 2017இல் 95. 2020இல் 125. 2023இல் 150.

நம்ம காசுக்கு அந்தக் கடைசிப் பெட்டி சுமார் 60,000 ரூபா. "சேர், உலகத்தில இவ்வளவு பிரச்சினை இருக்க, வெள்ளைக்காரன்ட பொம்மை விலையைப் பற்றி எழுத வேணுமா?" என்று கேட்பவர்கள் வருவார்கள் என்று தெரியும். எழுதக் காரணம் இருக்கிறது.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது இங்கிலாந்தில் குடும்பத்தோடு இருக்கிறார். களஞ்சியசாலை ஒன்றில் இரவு வேலை. அவருடைய மகனுக்குப் பன்னிரண்டு வயது. பாடசாலையில் மதிய இடைவேளையில் இந்த விளையாட்டுக்கு ஒரு கழகம் நடக்கிறதாம். மகன் போகிறான், பார்க்கிறான், வருகிறான். மற்றப் பிள்ளைகளிடம் படை இருக்கிறது, இவனிடம் இல்லை. "சேர், வாங்கிக் கொடுக்கிறதா விடுறதா? வாங்கினா ஒரு பெட்டியோட முடியாதாமே? இந்த விலை நியாயமா?" என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் அவர் கேட்ட கேள்வி பொம்மையோடு நிற்கிற கேள்வி அல்ல.

முதலில் கணக்கு

விலை கூடிவிட்டது என்று கூச்சல் போடுவதற்கு முன்னர் எதோடு ஒப்பிட்டுக் கூடியது என்று பார்க்க வேண்டும். வகுப்பில் நான் தலையில் குட்டாத குறையாகச் சொல்கிற விடயம் இது.

2012 பெட்டியில் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான உருவங்கள். 2017இல் 53. 2020இல் 61. 2023இல் 72. ஆக, பெட்டி பெருத்துக்கொண்டும் வந்திருக்கிறது. ஓர் உருவத்துக்கு எவ்வளவு என்று வகுத்தால்: 2012இல் சுமார் 1.25 பவுண், 2017இல் 1.79, 2020இல் 2.05, 2023இல் 2.08.

இந்தப் பதினொரு வருடத்தில் பிரித்தானியாவில் பொதுவான விலைவாசியும் ஏறியது. 35 முதல் 40 வீதம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் 2012இன் 1.25 பவுண் 2023இன் காசில் சுமார் 1.70. உண்மையான விலை 2.08. அதாவது ஓர் உருவத்துக்குப் பணவீக்கத்துக்கு மேலே ஏறியது ஐந்திலொரு பங்கு மட்டும்தான். உருவங்களின் அளவும் நுணுக்கமும் கூடியிருக்கின்றன. கம்பனியை ஆதரிப்பவர்கள் இந்த இடத்தில் நின்றுகொண்டு "பார்த்தீர்களா, பெரிய ஏற்றம் இல்லை" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல.

ஆனால் கடைக்குப் போகிற பிள்ளை ஓர் உருவத்தை வாங்குவதில்லை, பெட்டியைத்தான் வாங்குகிறான். 61.50 பவுண் பெட்டி பணவீக்கத்தோடு மட்டும் ஏறியிருந்தால் 2023இல் சுமார் 85 பவுண் ஆகியிருக்கும். ஆனது 150. "72 உருவம் இருக்கே" என்று சொல்வது, அரைக்கிலோ சீனி கேட்டு வந்தவரிடம் மூன்று கிலோ பொதியை நீட்டி "கிலோக் கணக்கில் பார்த்தா இலாபம்தானே" என்று சொல்வதைப் போன்றது. கையில் அரைக்கிலோவுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் அந்த இலாபத்தால் அவருக்கு என்ன பயன்?

சிறிய தொடக்கப் பெட்டிகளும் விற்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு படையை வளர்க்கத் தனித்தனிப் பெட்டிகள்தான் வாங்க வேண்டும். அங்கே பத்து சாதாரண வீரர்களுக்கு இன்று 40 பவுணை அண்டிய விலை. ஒருவருக்கு 4 பவுண். 1980களின் பிற்பகுதியில் இதே கம்பனி இதே விண்வெளிப் படைவீரர்கள் முப்பது பேரை ஒரு பெட்டியில் போட்டு 9.95 பவுணுக்கு விற்றது. ஒருவருக்கு 33 பென்ஸ். இன்றைய காசுக்கு மாற்றினாலும் சுமார் ஒரு பவுண்தான். அந்தக் காலத்து உருவம் மொத்தையாக, குட்டையாக இருக்கும், உண்மை. இன்றையது சிற்பம் போலிருக்கும். ஆனால் ஒன்று நான்காகியிருக்கிறது. போட்டி விளையாட்டுக்குத் தேவையான முழுப் படையொன்றைக் கட்டி முடிக்கச் சில நூறு பவுண் போய்விடும்.

விலை எங்கிருந்து வருகிறது?

பிளாஸ்டிக்கிலிருந்து இல்லை. இது முக்கியம்.

இந்த உருவங்கள் உருக்கு அச்சில் வார்க்கப்படுபவை. அச்சு ஒன்றை வெட்டி எடுக்கப் பல்லாயிரம் பவுண் போகும். சிற்பக் கலைஞர், வடிவமைப்பாளர் சம்பளமும் உண்டு. அது நிலையான செலவு. அச்சு தயாரானபின் இன்னுமொரு பெட்டி வார்ப்பதற்குப் பிளாஸ்டிக், மின்சாரம், கடதாசி மட்டை என்று போகிற எல்லைச் செலவு சொற்பம். ஆகவே எவ்வளவு அதிகமாக விற்கிறார்களோ அவ்வளவுக்கு ஒன்றின் சராசரிச் செலவு இறங்க வேண்டும். பாடப்புத்தகப்படி விலையும் இறங்க இடமுண்டு.

வரலாற்றில் அப்படி நடந்தும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொம்மைப் போர்வீரர் என்றால் ஜேர்மனியிலிருந்து வந்த கனமான ஈய வார்ப்புத்தான். 1893இல் வில்லியம் பிரிட்டன் என்ற இலண்டன் தயாரிப்பாளர் உள்ளே வெற்றாக வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். ஈயம் குறைந்தது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. பொம்மைப்படை பல வீடுகளுக்குப் போனது. அந்த வீரர்களை வைத்துத்தான் எச். ஜி. வெல்ஸ் என்ற எழுத்தாளர் 1913இல் 'லிட்டில் வோர்ஸ்' என்று தரையில் ஆடும் விளையாட்டுக்கு விதிமுறைப் புத்தகமே எழுதினார். தொழில்நுட்பம் விலையை இறக்கியது, விலை இறங்கியதும் விளையாட்டு பிறந்தது.

இப்போது ஏன் அப்படி நடக்கவில்லை? கம்பனியின் கணக்கைப் பாருங்கள். பகிரங்கக் கம்பனி என்பதால் யாரும் பார்க்கலாம். 2016 மே மாதத்தோடு முடிந்த நிதியாண்டில் அவர்களுடைய வருமானம் 118 மில்லியன் பவுண், வரிக்கு முன்னரான இலாபம் 17 மில்லியனுக்குக் கொஞ்சம் குறைவு. 2025 ஜூன் தொடக்கத்தோடு முடிந்த நிதியாண்டில் வருமானம் 617.5 மில்லியன், இலாபம் 262.8 மில்லியன். இதில் 52.5 மில்லியன் வீடியோ கேம் போன்றவற்றுக்கு உரிமம் கொடுத்து வந்த வருமானம். மற்றதெல்லாம் பொம்மையும் வர்ணமும் புத்தகமும்தான். நூறு பவுண் உள்ளே வந்தால் நாற்பத்திரண்டு பவுணுக்கு மேல் இலாபம். இலாபம் ஒன்பது வருடத்தில் பதினைந்து மடங்கு. 2016 அளவில் சுமார் 5 பவுணுக்கு விற்ற பங்கு, 2024 முடிவில் 100 பவுணைத் தாண்டி நின்றது. அந்த டிசம்பரில் இலண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பனிகளின் சுட்டெண்ணுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

இவர்கள் திருடர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உற்பத்தியைச் சீனாவுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் உருவங்களை நொட்டிங்ஹாமிலேயே வார்க்கிறார்கள், அங்குள்ளவர்களுக்கு வேலை கொடுக்கிறார்கள். 2025 ஜூனோடு முடிந்த அந்த நிதியாண்டு இலாபத்தில் 20 மில்லியன் பவுணை ஊழியர்களுக்குப் பகிர்ந்திருக்கிறார்கள். தரத்தில் அவர்களை அடிக்க ஆளில்லை என்று எதிராளிகளே ஒத்துக்கொள்வார்கள். பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் இந்த இலக்கங்கள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. விலை ஏறுவது செலவு ஏறுவதால் மட்டுமல்ல. செலவு மட்டும் காரணமென்றால் இலாப வீதம் அதே இடத்தில் நின்றிருக்கும், அல்லது இறங்கியிருக்கும். ஏற்றினாலும் வாங்குகிறார்கள் என்பதுதான் பெரிய காரணம். உயர்தர மாணவர்களே, கேள்வி நெகிழ்ச்சி குறைந்த பண்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. விலை ஏறியது, விற்பனையும் ஏறியது.

செலவு உண்மையாகவே கூடி அடிபட்டவர்களும் இதே தொழிலில் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கான வரியை 145 வீதம் வரை ஏற்றியபோது, சீனாவில் அச்சடித்தும் வார்த்தும் கொண்டிருந்த மேசை விளையாட்டுக் கம்பனிகள் திணறிப்போயின. மினியேச்சர் விளையாட்டுகளுக்குப் பேர்போன சீமொன் என்ற கம்பனி புதிய விளையாட்டுகளை உருவாக்குவதையே நிறுத்திவைத்தது. அங்கே விலை கூடினால் அது வரியின் விலை, தப்பிப் பிழைப்பதற்கான விலை. நொட்டிங்ஹாம் விலை வேறு வகை. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு "எல்லாம் விலை கூடிட்டுது, என்ன செய்றது" என்று பெருமூச்சு விடக் கூடாது.

ஏன் விட்டுவிட்டுப் போக முடியவில்லை?

"விலை கூடினால் வாங்காமல் விடலாமே" என்பது எல்லோரும் சொல்கிற பதில். விலை கூடினால் ஒரு கைக்கடிகாரத்தை நான் வாங்காமல் விடலாம். அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் கடிகாரம் நிற்கப்போவதில்லை. விளையாட்டு அப்படியல்ல. விளையாட எதிரில் ஆள் வேண்டும். எல்லோரும் எதை ஆடுகிறார்களோ அதையே நானும் ஆட வேண்டும். இன்னொரு கம்பனி பாதி விலைக்கு இன்னொரு விளையாட்டை விற்கலாம். அதை ஆட அந்த மதிய இடைவேளையில் யாருமில்லை என்றால் அது பிரதியீட்டுப் பண்டமே இல்லை. இந்தக் கம்பனியிடம் சட்டப்படி தனியுரிமை கிடையாது. ஆனால் ஆடுகிறவர்களின் கூட்டம் அதன் கையில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தைக் கட்டியது கம்பனி மட்டுமல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கழகம் நடத்துகிற ஆசிரியர், நூலக மேசையை ஒதுக்கிக் கொடுக்கிறவர், புதிதாக வந்தவனுக்குப் பொறுமையாக விதி சொல்லிக்கொடுக்கிற பதினைந்து வயதுப் பையன் எல்லோரும் சேர்ந்து கட்டியது. கூலி வாங்காமல் கட்டியது.

இதற்கு மேலே இன்னும் சில கயிறுகள். விதிமுறைப் பதிப்பு 2017, 2020, 2023 என்று மூன்று வருடத்துக்கொரு முறை மாறுகிறது. பழைய உருவங்கள் சில ஓய்வுப் பட்டியலுக்குப் போகின்றன. வீட்டில் ஆடலாம், போட்டிகளில் ஆட முடியாது. 1983இல் தொடங்கிய அவர்களுடைய முதல் வார்ஹாமர் விளையாட்டையே 2015இல் நிறுத்தினார்கள். முப்பது வருடம் படை சேர்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். பிறகு 2024 ஜனவரியில் 'பழைய உலகம்' என்ற பெயரில் அதையே திரும்பக் கொண்டுவந்து, பழைய அச்சில் வார்த்த உருவங்களையும் திரும்ப விற்கிறார்கள். கம்பனியின் சொந்தக் கடைகளில் ஆடுவதென்றால் அவர்களுடைய உருவங்கள்தான் வேண்டும், வீட்டில் முப்பரிமாண அச்சில் எடுத்தவை செல்லாது. 2011இல் ஐரோப்பியக் கடைகள் ஐரோப்பாவுக்கு வெளியே பொருள் அனுப்பக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். அதுவரை அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்தவர்கள், உள்ளூர் விலை மிக அதிகமென்று இங்கிலாந்துக் கடைகளிலிருந்து எடுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதவு மூடப்பட்டது. ஒரே பெட்டிக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விலை வைக்க வேண்டுமென்றால் இடையிலுள்ள கதவைப் பூட்டத்தான் வேண்டும். இதற்கு விலைப் பேதப்படுத்தல் என்று பெயர். பரீட்சைக்கு வரும்.

சேகரிப்பு என்ற நோய்

ஆனால் எனக்கு விலையை விட அதிகம் உறுத்துவது இன்னொன்று.

2012இலும் 2017இலும் வந்த பெரிய பெட்டிகள் கடைத் தட்டில் வருடக்கணக்கில் கிடந்தன. பெருநாளைக்குக் கிடைத்த காசைச் சேர்த்து வைத்து, ஆறு மாதம் கழித்துப் போனாலும் பெட்டி இருந்தது. 2020, 2023 பெட்டிகள் வேறு மாதிரி. குறிப்பிட்ட அளவு மட்டும் செய்து, குறிப்பிட்ட நாளில் முன்பதிவு திறந்து, முடிந்தால் முடிந்ததுதான். 2020 ஜூலையில் 'இண்டொமிட்டஸ்' என்ற பெட்டி இணையத்தில் சில நிமிடங்களில் முடிந்துபோனது. கையில் பெட்டி வருவதற்கு முன்னரே மறுவிற்பனைக்காரர்கள் ஈபேயில் கூடிய விலைக்குப் போட்டுவிட்டார்கள். ஆட்சேபம் கிளம்பிய பிறகு, கேட்கிற எல்லோருக்கும் செய்து தருகிறோம் என்று கம்பனி கட்டளை எடுத்தது. அதைச் செய்ய முடிந்ததே, ஏன் முதலிலேயே செய்யவில்லை என்பதுதான் என் கேள்வி. அச்சு அவர்களிடம் இருக்கிறது, தொழிற்சாலை அவர்களிடம் இருக்கிறது. அந்தத் தட்டுப்பாடு வானத்திலிருந்து விழுந்த பஞ்சமல்ல. எவ்வளவு செய்வது என்று மேசையில் அமர்ந்து எடுத்த முடிவு.

தட்டுப்பாடு வந்ததும் ஆட்கள் மாறிவிடுகிறார்கள். விளையாடுகிறவன் சேகரிப்பவன் ஆகிறான். சேகரிப்பவன் முதலீட்டாளன் ஆகிறான். பெட்டியை உடைத்தால் பெறுமதி போய்விடும் என்று உடைக்காமல் அலுமாரியில் வைக்கிறான். பிளாஸ்டிக் உருவம் பிறந்த நாளிலிருந்து அது காத்திருப்பது ஒரு பிள்ளையின் கையை. அந்தக் கை வராமலே அது மூன்று பேரிடம் கைமாறி இலாபம் கொடுத்துவிடுகிறது.

விளையாட்டு பகிரப் பகிர வளரும். பத்துப் பேர் ஆடினால் எனக்கு எதிராளி பத்துப் பேர். சேகரிப்புப் பொருள் நேர்மாறு. மற்றவரிடம் இல்லாவிட்டால்தான் என்னிடம் இருப்பதற்குப் பெறுமதி. இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு விற்றால், இரண்டிலொன்று மற்றதைத் தின்றுவிடும். இப்போது சேகரிப்பு விளையாட்டைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதுதான் என் அபிப்பிராயம்.

மார்க்கத்தைக் கேட்பவர்களுக்கு

நான் மௌலவி அல்ல. உருவப் பொம்மைகள் கூடுமா என்ற கேள்வியில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மைக்குச் சலுகை உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள், கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். அதை உங்களுக்கு நம்பிக்கையான ஆலிமிடம் கேளுங்கள். கமென்ட் பகுதியில் சண்டை வேண்டாம்.

விலை விடயத்தில் மட்டும் ஒன்றைச் சொல்கிறேன். மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று மக்கள் கேட்க, நபி (ஸல்) அவர்கள் அதைச் செய்ய மறுத்த ஹதீஸ் பிரபலமானது. அதே மார்க்கம்தான் பதுக்கலைக் கடுமையாகக் கண்டிக்கிறது. பதுக்கல் என்பது உணவு போன்ற அத்தியாவசியப் பொருட்களுக்குத்தான் பொருந்தும் என்று பல இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே பொம்மைப் பெட்டியைப் பதுக்கியவர்மேல் நான் பத்வா கொடுக்க வரவில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நிதானம் கிடைக்கிறது. சந்தை தானாக ஏறுவது வேறு, ஆட்கள் கையைப் போட்டு வேண்டுமென்றே தட்டுப்பாடாக்குவது வேறு. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைப் பார்த்து, குறைந்தபட்சம் முகம் சுளிக்கவாவது வேண்டும்.

வாங்குகிறவருக்கும் ஒரு அளவுகோல் உண்டு, வீண்விரயம். நூறு பவுணுக்குப் பெட்டி வாங்கி ஒரு பிள்ளை ஆறு மாதம் பொறுமையாக வர்ணம் பூசி, நண்பர்களோடு ஐம்பது தடவை ஆடினால் அதை வீண்விரயம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வயதுப் பிள்ளை கைத்தொலைபேசியில் செலவழிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் லாபம் என்றே சொல்வேன். கையும் கண்ணும் மூளையும் சேர்ந்து வேலை செய்கிற விளையாட்டுகள் குறைந்துவருகிற காலம் இது. முப்பது பவுணுக்கு வாங்கி உடைக்காமல் அலுமாரியில் அடுக்கினால், அதுதான் எனக்கு விரயமாகத் தெரிகிறது.

என்ன செய்யலாம்?

என் மாணவருக்குச் சொன்னது இதுதான். "மகனுக்கு வாங்கிக் கொடுங்க தம்பி. ஆனா புதுப் பெட்டி வாங்க ஓடாதீங்க."

ஒன்று, பழையதை வாங்குங்கள். இந்த விளையாட்டில் பாதியில் விட்டவர்கள் அதிகம். அரைகுறையாக ஒட்டி, அரைகுறையாக வர்ணம் பூசிய படைகள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். பழைய வர்ணத்தை உரித்துத் திரும்பப் பூசுவதே பிள்ளைக்கு ஒரு படிப்பு.

இரண்டு, முழுப் படை வேண்டாம். ஐந்தாறு, பத்து உருவத்தோடு ஆடக்கூடிய சிறிய விதிமுறைகள் இதே கம்பனியிடமே இருக்கின்றன. வேறு குழுக்கள் இலவசமாக வெளியிடுகிற விதிமுறைகளும் இருக்கின்றன, அவற்றில் எந்தக் கம்பனியின் உருவத்தையும் வைத்து ஆடலாம்.

மூன்று, கழகம் நடத்தும் ஆசிரியரோடு பேசுங்கள். பாடசாலைக் கழகங்களுக்கு ஆரம்பப் பொதிகளை இலவசமாக வழங்கும் திட்டம் ஒன்றைக் கம்பனியே நடத்துகிறது. கழகத்துக்கென்று ஒரு பொதுப் படை இருந்தால், வீட்டில் படை இல்லாத பிள்ளையும் ஆடலாம். நம்ம பாடசாலைகளில் கிரிக்கெட் மட்டை பிள்ளை கொண்டுவருவதில்லை, பாடசாலையுடையது. கரம் போர்ட் யாருடைய வீட்டிலிருந்தும் வருவதில்லை. விளையாட்டுச் சாமான் பொதுவில் இருந்தால் திறமை முன்னுக்கு வரும். தனித்தனியாக இருந்தால் வாப்பாமாரின் சம்பளம்தான் முன்னுக்கு வரும்.

இந்த மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையை ஒதுக்க யாரும் திட்ட வேண்டியதில்லை, அடிக்க வேண்டியதில்லை. மேசையைச் சுற்றி எல்லோரும் ஆட, அவன் மட்டும் நின்று பார்த்தால் போதும். அவன் வீட்டில் வந்து ஒன்றும் சொல்லமாட்டான். வாப்பாவின் இரவு வேலை அவனுக்குத் தெரியும்.

கம்பனிக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை, என் பதிவை அவர்கள் வாசிக்கப்போவதுமில்லை. என்றாலும் ஒரு விடயம். இந்தக் கம்பனி 1975இல் மூன்று நண்பர்கள் தொடங்கியது. ஆரம்பத்தில் அவர்கள் செய்தது பொம்மைப் படை அல்ல. மரத்தில் விளையாட்டுப் பலகைகள் செய்து விற்றார்கள். அதிலொன்று மன்கலா பலகை. மன்கலா என்றால் வேறொன்றுமில்லை, நம்ம ஊர்ப் பல்லாங்குழியின் குடும்பம். சிங்களவர்கள் ஒலிந்த கெலிய என்று குன்றிமணி வைத்து ஆடுவார்களே, அதுவும் அதே குடும்பம். உம்மம்மாமார் புளியங்கொட்டையையும் சோகியையும் வைத்து ஆடினார்கள். பலகை இல்லாவிட்டால் மண்ணில் குழி தோண்டி ஆடினார்கள். காய் தொலைந்தால் முற்றத்தில் இன்னொரு கொட்டை. பதிப்பு மாறவில்லை, ஓய்வுப் பட்டியல் இல்லை, தட்டுப்பாடும் இல்லை. மூளைக்கு வேலை மட்டும் குறையவில்லை.

எல்லோரும் புளியங்கொட்டைக்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை. அழகான உருவம் அழகானதுதான், அதைச் செய்தவனுக்குக் கூலி சேரத்தான் வேண்டும். விலை கூடலாம், ஆடம்பரப் பொருளின் விலை கூடியதற்காக யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: விளையாட்டு என்பது விதியும் எதிராளியும். காய் எதுவாகவும் இருக்கலாம். காயை விற்பவர், அது இல்லாமல் விளையாட்டே இல்லை என்று நம்மை நம்பவைக்கும்போதுதான் விலை அவருடைய கைக்குப் போகிறது. அந்த நம்பிக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்வது நம்ம கையில் இருக்கிறது. அதற்கு ஒரு பவுண்கூடச் செலவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற பெற்றோர்கள், பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடுகிறார்களென்றால் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பழைய படை வீட்டில் தூங்குகிறதென்றால் அருகிலுள்ள பாடசாலைக் கழகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை நிச்சயம் இருப்பான்.